பிரான்ஸ் மார்க்கின் ‘விலங்குகளின் விதி’ ஓவியத்தில் அச்சமும் துயரும்

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மானிய வெளிப்பாட்டிய ஓவியர் பிரான்ஸ் மார்க் 1913-இல் தீட்டிய ‘விலங்குகளின் விதி’ என்னும் எண்ணெய்வண்ண ஓவியம், முதல் உலகப்போரை முன்னறிவித்த படைப்பாகவே பெரிதும் பேசப்படுகிறது. அவ்வாசிப்பு ஓவியத்தின் உணர்ச்சிக் குறியீட்டைச் சுருக்கிவிடுகிறது. அச்சம் தரும் பொருளாகக் கருதப்படும் காட்டுவிலங்கை அச்சப்படும் உயிராகக் காட்டியதே இவ்வோவியத்தின் அடிப்படைச் செயல் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பிரான்ஸ் மார்க், வெளிப்பாட்டியம், வண்ணக் குறியீடு, மெய்ப்பாடு, அச்சம்.

முன்னுரை

1880-இல் மியூனிக்கில் பிறந்த பிரான்ஸ் மார்க், 1911-இல் காண்டின்ஸ்கியுடன் இணைந்து ‘நீலக் குதிரைவீரன்’ குழுவை உருவாக்கியவர். மனிதனைவிட விலங்கே தூய்மையானது என்னும் எண்ணம் அவரை விலங்கோவியத்தின்பால் செலுத்தியது. ‘நீலக் குதிரை’, ‘மஞ்சள் பசு’ ஆகியவற்றில் விலங்குகள் நிலத்தோடு இசைந்து நிற்கின்றன. ‘விலங்குகளின் விதி’யிலோ அவ்விசைவு முற்றிலும் குலைகிறது. இக்குலைவு உணர்த்தும் பொருள் யாது என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

காட்சி அமைப்பு

ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 2.6 மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் கொண்ட இவ்வோவியம் இன்று பாசல் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. நடுவில் ஒரு நீலமான் கழுத்தை வளைத்துத் தலையை மேல்நோக்கி உயர்த்தி நிற்கிறது. இடப்புற மேற்பகுதியில் பச்சைக் குதிரைகளும் கீழ்ப்பகுதியில் காட்டுப்பன்றிகளும் உள்ளன. வலப்புறத்தில் மான்கள் எனப் பெரும்பாலும் கொள்ளப்படும் நான்கு விலங்குகள் நெருங்கி நிற்கின்றன. முரிந்து சாயும் மரங்களும் தீப்பிழம்பு போன்ற சாய்கோடுகளும் காட்டைக் கூரிய துண்டுகளாக வெட்டுகின்றன. வேட்டைக்காரனோ படைக்கலமோ எங்கும் இல்லை. அழிவு நிகழ்கிறது, அழிப்பவர் காட்டப்படவில்லை. இதனால் பார்வையாளரின் சினம் சென்று சேர்வதற்கு ஓர் இலக்கு கிடைப்பதில்லை. துயரமே எஞ்சுகிறது.

வண்ணக் குறியீட்டின் தலைகீழாக்கம்

1910 டிசம்பரில் ஓவியர் ஆகஸ்ட் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் மார்க் தம் வண்ணக் கோட்பாட்டை விளக்கினார். நீலம் ஆண்மையும் ஆன்மிகமும் சார்ந்தது. மஞ்சள் பெண்மையும் மென்மையும் மகிழ்ச்சியும் சார்ந்தது. சிவப்பு முரட்டுத்தன்மையும் கனமும் கொண்ட பருப்பொருள், அதனை ஏனைய இரு வண்ணங்களும் எதிர்த்து வெல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இக்கோட்பாட்டை அகராதிபோல் பயன்படுத்தி இவ்வோவியத்துக்குப் பொருள் காண்பது எளிது, ஆயினும் போதாது. இங்கு நீலம் வெல்லவில்லை. சிவந்த கீற்றுகளுக்கு நடுவே நீலமான் தன் தொண்டையைத் திறந்து காட்டி நிற்கிறது. கோட்பாட்டில் வெல்ல வேண்டிய வண்ணம் ஓவியத்தில் பலியாகிறது. எனவே உணர்ச்சி தனித்த வண்ணத்தில் தங்கியிருக்கவில்லை. கோட்பாடு தந்த எதிர்பார்ப்புக்கும் காட்சி தரும் முடிவுக்கும் இடையிலான முரணிலேயே அது பிறக்கிறது.

மெய்ப்பாட்டு நோக்கு

உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுவதை மெய்ப்பாடு என்கிறது தமிழ் மரபு. தொல்காப்பியம் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறும். அங்கு விலங்கு அச்சத்தைத் தோற்றுவிப்பது, அஞ்சுவோர் மாந்தர். அவ்விலக்கணம் இவ்வோவியத்துக்காக வகுக்கப்பட்டதன்று. எனினும் அதனோடு ஒப்பிடும்போது மார்க் செய்த மாற்றம் தெளிவாகிறது. இங்கு விலங்கு அச்சத்தின் களன் அன்று, அச்சம் நிகழும் மெய். மானின் வளைந்த கழுத்தும் நெருங்கி நிற்கும் உடல்களும் முகபாவனையின் துணையின்றியே அச்சத்தைப் புலப்படுத்துகின்றன. மார்க் இவ்வோவியத்துக்கு முதலில் கருதிய தலைப்பு, மரங்கள் தம் வளையங்களையும் விலங்குகள் தம் நாளங்களையும் காட்டியதைச் சொல்வது. உட்புறம் வெளிப்படுதலே அதன் பொருள். இன்று வழங்கும் தலைப்பு பால் கிளே பரிந்துரைத்தது. ‘விதி’ என்னும் சொல் கவனத்தை முடிவின்மேல் செலுத்துகிறது. முதல் தலைப்போ திறந்து கிடக்கும் உடலின்மேல் செலுத்துகிறது.

முன்னறிவிப்பு வாசிப்பின் எல்லை

1915 மார்ச்சில், போர்முனையில் இருந்த மார்க்குக்கு இவ்வோவியம் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று கிடைத்தது. அதைக் கண்டு அதிர்ந்த அவர், இப்போரின் முன்னுணர்வுபோல் அது தோன்றுவதாக மனைவி மரியாவுக்கு எழுதினார். 1916 மார்ச் 4 அன்று வெர்டன் அருகே அவர் கொல்லப்பட்டார். இவ்விரு செய்திகளும் முன்னறிவிப்பு வாசிப்புக்கு வலுவூட்டின. ஆனால் 1914-இல் தாமே முன்வந்து படையில் சேர்ந்தவர் மார்க். ஐரோப்பாவைத் தூய்மைப்படுத்தும் நிகழ்வாகவே தொடக்கத்தில் அவர் போரைக் கண்டார். ஓவியம் அவருக்கே ஓர் எச்சரிக்கையாக விளங்கியிருப்பின் இம்முடிவை விளக்குதல் அரிது. கடிதம் பதிவு செய்வது 1915-இல் ஒரு படைவீரர் தம் பழைய ஓவியத்தைக் கண்ட முறையையே. 1913-இல் அதைத் தீட்டியபோது அவர் கொண்ட நோக்கத்திற்கு அது சான்றாகாது.

பழுப்புப் பகுதி

மார்க்கின் மறைவுக்குப்பின் கிடங்குத் தீவிபத்தில் ஓவியத்தின் வலப்புற மூன்றிலொரு பகுதி சிதைந்தது. 1919-இல் பால் கிளே அதைச் சீரமைத்தார். வடிவங்களை மீட்ட அவர், அப்பகுதியைப் பழுப்புச் சாயலில் அமைத்தமையால் சிதைவின் எல்லை இன்றும் கண்ணுக்குப் புலனாகிறது. ஹாலே நகர அருங்காட்சியகத்தில் இருந்த இவ்வோவியத்தை 1937-இல் நாஜி அரசு ‘சீரழிந்த கலை’ எனப் பறிமுதல் செய்தது. 1939-இல் அது பாசலை அடைந்தது. மங்கிய அப்பகுதியை மார்க்கின் துயரக் குறியீடாகக் கொள்வது பிழை. அது நண்பரின் கை விட்ட தழும்பு. படைத்தவரின் நோக்கத்தையும் பொருளுக்கு நேர்ந்த வரலாற்றையும் பிரித்தறிந்த பின்னரே இரண்டையும் சேர்த்துக் காண இயலும்.

முடிவுரை

‘விலங்குகளின் விதி’யின் ஆற்றல் ஒரு போரை முன்கூட்டிச் சொன்னதில் இல்லை. மனிதன் அஞ்சிய காட்டுவிலங்கை அஞ்சும் உயிராகவும், வெல்ல வேண்டிய நீலத்தை வீழும் நீலமாகவும் அது காட்டியது. போரின் முன்னறிவிப்பாக மட்டும் கொண்டால், அதிலுள்ள விலங்குகள் மாந்தர் துயரின் உருவகங்களாகச் சுருங்கிவிடும். அவற்றின் துயரை அவற்றுக்கே உரியதாகக் காண்பதே இவ்வோவியத்துக்கு நேரிய வாசிப்பாகும்.