தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம்?

விருத்தாசலம் சூளைகளில் அகல் விளக்கும் வேகும், மின்சாரத்தைத் தடுக்கும் பீங்கானும் வேகும். விளக்கோடு இவ்வளவு உறவுள்ள ஊரில் செடி வளர்க்கும் மீன்தொட்டி வைப்பவர்கள், மீனைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு விளக்கைக் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறார்கள். தொட்டியின் அழகில் பாதி அந்த விளக்கில் இருக்கிறது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் ஏறக்குறைய 55 லிட்டர். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி நிழலில் வாழும் செடிகளுக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லூமென் போதும். 10 வாட் எல்.இ.டி. ஒன்றே அதைத் தந்துவிடும். 6,500 கெல்வின் வெள்ளை ஒளியில் இலைப் பச்சை பச்சையாகவே தெரியும். கடையில் கண்ணைப் பறிக்கும் நீல விளக்கு எனக்குப் பிடிப்பதில்லை. அதில் செடி பிளாஸ்டிக் போலாகிவிடுகிறது.

சிவப்பிலைச் செடிக்கு ஆசைப்பட்டால் ஒளியைக் கூட்டவேண்டும். கூடவே கரியமில வாயுவும் உரமும் வேண்டும். வெறும் ஒளியை மட்டும் கூட்டினால் வளர்வது பாசிதான். ஜன்னல் வெயிலும் அப்படியே. நம் சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறி, அதில் ஆக்சிஜனும் குறையும்.

புதுத் தொட்டிக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெளிச்சத்தில் தொடங்கி, செடி வேர்பிடித்தபின் எட்டுக்குப் போகலாம். டைமர் வைத்துவிட்டால் நேரம் தவறாது. விளக்கு ஒயரை மட்டும் பிளக்குக்குக் கீழே தொங்கும்படி விடுங்கள். வழியும் நீர் பிளக்கில் ஏறாமல் தரையில் சொட்டும்.