மேடைத்தமிழின் ஓசையும் வாதமும்

தமிழில் மேடைப்பேச்சு என்று இன்று வழங்கும் கலை, பலரும் எண்ணுவதுபோல் பழங்காலந்தொட்டு இடையறாது வருவதன்று. திருக்குறளில் சொல்வன்மைக்கும் அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் இருப்பதும், மணிமேகலை பட்டிமண்டபத்தைக் குறிப்பதும் உண்மையே. ஆயினும் அந்நூல்கள் பெரிதும் கருதுவது கற்றோர் கூடிய அவையை. திடலிலும் தெருமுனையிலும் ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் திரளும் கூட்டம் பிற்காலத்தது. புராணப் படிப்பிலும் கதாகாலட்சேபத்திலும் பேசியவர்கள் ஒரு நூலை முன்வைத்து அதன் வரிசைப்படியே பொருள் விரித்தனர். ஒரு தலைப்பை எடுத்து, அதைப் பகுத்து, கேட்போரை ஒரு முடிவுக்கு இட்டுச் செல்லும் பேச்சைப் பரவலாக்கியது கிறித்தவப் போதகர்களின் பிரசங்கம். பீட்டர் பெர்சிவலிடம் பணியாற்றி அம்முறையை அருகிலிருந்து கண்ட ஆறுமுக நாவலர், 1847ஆம் ஆண்டின் கடைசி நாளில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியபோது, குறித்த நாள், குறித்த தலைப்பு, முன்கூட்டியே வகுத்துக்கொண்ட வாதம் என்னும் வடிவம் தமிழ் உரைநடைக்குள் வந்து சேர்ந்தது.

சமயத்திலிருந்து அரசியலுக்கு இவ்வடிவம் நகர்ந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசிய பேச்சுகள் ஆலைத் தொழிலாளரை எட்டின. அப்பேச்சுகளையே குற்றமாகக் காட்டி அரசு இராசத்துரோக வழக்குத் தொடுத்தது என்பதே அவற்றின் ஆற்றலுக்குப் போதிய சான்று. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்த காலத்து மேடைகளில் திரு.வி.க. பேசிய செம்மையான, ஆனால் புலவர்க்கு மட்டும் உரியதாக ஒதுங்கிவிடாத நடை, பின்வந்தோர் எடுத்துக்கொண்ட அடித்தளமாயிற்று. அந்த அடித்தளத்தின்மீது 1940களில் எழுந்த அடுக்குமொழி நடையே, அதாவது மோனையும் எதுகையும் இயைபும் கொண்ட சிறு தொடர்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிச் செல்லும் நடையே, இன்றும் தமிழர் மனத்தில் நல்ல பேச்சுக்கு இலக்கணமாக நிற்கிறது. எதிர்ப்போரும் அதையே எதிர்க்கின்றனர். போற்றுவோரும் அதையே போற்றுகின்றனர். இரு தரப்பாரும் அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராய்வதில்லை.

ஆராய்ச்சியின் பொருட்டு, அந்நடையில் ஒரு தொடரைப் புனைந்துகொள்ளலாம்: 'உழுதவன் வீட்டில் உலை கொதிக்கவில்லை, உலை கொதித்த வீட்டில் உழுதவன் இல்லை.' இத்தொடரின் இரண்டாம் பாதியில் புதிய சொல் எதுவும் இல்லை. முதற்பாதியின் சொற்களே இடம் மாறித் திரும்பி வருகின்றன. இதனால் கூட்டத்தின் கடைசி வரிசையில், குழந்தையின் அழுகைக்கும் பேருந்தின் ஒலிப்பானுக்கும் இடையில் முதற்பாதியைத் தவறவிட்டவர் இரண்டாம் பாதியைக் கொண்டு அதை மீட்டுக்கொள்ள முடிகிறது. தொடக்கத்தில் ஒலிக்கும் உகரம் அடுத்த தொடரின் தொடக்கத்தைக் காதுக்கு முன்னறிவிப்பதால், ஒலிபெருக்கி இரைந்தாலும் சொல் பிடிபடுகிறது. நாட்டின் எழுத்தறிவு 1951 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18 விழுக்காடாகவே இருந்த காலத்தில், கேட்டதை எழுதி வைக்கவோ மறுநாள் செய்தித்தாளில் சரிபார்க்கவோ இயலாத பெருந்திரளுக்கு, வீடு வரை கொண்டு செல்லத்தக்க வடிவில் ஒரு கருத்தைக் கட்டிக் கொடுப்பது சாதாரணப் பணியன்று. எதுகையை வெறும் அலங்காரம் என்று தள்ளுவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

தமிழின் தொடரமைப்பும் இந்நடைக்குத் துணை நிற்கிறது. வினைமுற்று தொடரின் இறுதியில் வருவதால், பேச்சாளர் எச்சங்களாகவே அடுக்கிக்கொண்டு போய், ஒவ்வோர் எச்சத்திலும் குரலை ஒரு படி உயர்த்தி, முற்றை ஒரு கணம் நிறுத்தி வைத்து வெளியிட முடியும்; காத்திருந்த அவை அந்த முற்றைக் கேட்டதும் கைதட்டுகிறது. அண்ணாவின் பேச்சாக மக்களிடையே வழங்கும், சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்று இயைபுபட முடியும் அந்தச் சிறு உரையை இங்கே எண்ணிப் பார்க்கலாம். மாதம், நேரம், கேட்போரின் களைப்பு, அவர்களிடம் கேட்கப்படும் வாக்கு என நான்கு செய்திகள் நான்கு மூச்சில் முடிந்துவிடுகின்றன. இரவு பத்தரைக்கு வந்து சேர்ந்த பேச்சாளருக்கு அந்த நேரத்தில் அதற்கு மேல் சொல்லத் தேவையும் இல்லை. ஓசையும் பொருளும் ஒரே அளவாக அமைந்த அரிய சான்று அது.

குறையும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. உழுதவனைப் பற்றிய தொடருக்குக் கைதட்டல் எழுந்துவிடும். ஆனால் உலை கொதித்த வீடு யாருடையது, குத்தகை எவ்வளவு, எந்தச் சட்டம் எப்படி மாற வேண்டும் என்ற எதுவும் சொல்லப்படவில்லை. அன்றியும், நிலவுடைமையாளரின் தரப்பில் பேச வருபவர், 'நிலம் கொடுத்தவன் நெஞ்சு குமுறுகிறது. நெஞ்சு குமுறுபவன் நிலம் இழக்கிறான்' என்று அதே அளவு ஓசையுடன் எதிர்மாறானதைச் சொல்லிவிட முடியும். எந்த முடிவுக்கும் சமமாக இடங்கொடுக்கும் ஒரு வடிவம், எந்த முடிவுக்கும் சான்றாகாது. கேட்போரின் ஒப்புதல் ஓசை நிறைவுற்ற இடத்தில் கிடைத்துவிடுவதால், வாதம் நிறைவுற வேண்டும் என்ற கட்டாயம் பேச்சாளருக்கு இல்லாமல் போகிறது. நாளடைவில் அவருடைய ஆயத்தமும் அதற்கேற்பச் சுருங்கி, தரவு தேடுவதற்குப் பதிலாக மோனை தேடுவதாக மாறிவிடுகிறது.

இக்குறையை அந்நடையின் முன்னோடிகள்மீது ஏற்றுவது நீதியாகாது. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிப்பது குறித்து அண்ணா சென்னையில் ரா.பி.சேதுப்பிள்ளையோடும், பின்னர் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் சொற்போர் நடத்தினார்; அவை பிறகு 'தீ பரவட்டும்' என்ற நூலாயின. அவருடைய நிலைப்பாடு ஏற்கத்தக்கதா என்பது வேறு வினா. கம்பனில் ஊறிய புலவர்கள் எதிரே அமர்ந்திருக்கையில் எதுகை எவ்வகையிலும் காப்பாற்றாது என்பதும், எதிர்த்தரப்பு எதைச் சொல்லக்கூடும் என்பதை முன்னரே படித்து வைத்திருந்தாலன்றி அந்த மேடையில் நிற்க இயலாது என்பதும் இங்கே கருதத்தக்கவை. மறுப்பு உடனே வரும் மேடை, ஆயத்தத்தின் தரத்தை உயர்த்துகிறது. கட்சிகள் தத்தம் ஆதரவாளரிடையே மட்டும் பேசத் தொடங்கிய பிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்தது; நடை எஞ்சியது.

அடுக்குமொழிக்கு மறுதலையாகப் பெரியாரின் பேச்சு சுட்டப்படுவதுண்டு. 1973 டிசம்பர் 19 அன்று சென்னைத் தியாகராய நகரில் நிகழ்த்திய இறுதிப் பேச்சு வரை, கொச்சை கலந்த அன்றாடத் தமிழிலேயே அவர் பேசினார்; தாம் சொல்வதைச் சிந்தித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்குமாறு கேட்போரிடம் வலியுறுத்தினார். இந்நடையில் கைதட்டலுக்கென்று ஒதுக்கிய இடம் குறைவு. ஒரு கருத்தை வழக்கத்திலிருந்து எடுத்து, ஏன் என்று கேட்டு, கிடைக்கும் விடையை மீண்டும் ஏன் என்று கேட்கும் ஓட்டமே அதன் அமைப்பு. ஆயினும் இதுவும் குறையற்றதன்று. கிளைக்கதையும் கூறியது கூறலும் மிகுந்து, பேச்சு மணிக்கணக்கில் நீள்கிறது. அச்சில் படிப்போர் ஒரே வாதத்தைப் பலமுறை கடக்க நேர்கிறது. பெரியாரைப்போல் வாழ்நாள் முழுதும் ஊர் ஊராகப் பேசிப் பழகாதவர் இதைப் பின்பற்றினால் நீளம் மட்டுமே கைவரும். எளிமை ஆயத்தத்துக்கு மாற்று என்று எண்ணுவோர், அந்த எளிமைக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பயிற்சி இருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

இவ்விரண்டு மரபுகளில் பள்ளிக்கூடம் எதைத் தேர்ந்தது என்பதே இன்றைய நிலையை விளக்கும். பேச்சுப் போட்டி தமிழகப் பள்ளிகளில் ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. ஆசிரியரோ பெற்றோரோ உரையை எழுதித் தருகின்றனர். மாணவி அதை வரி பிசகாமல் மனப்பாடம் செய்கிறார். எந்தச் சொல்லுக்குக் கையை உயர்த்துவது, எந்தச் சொல்லுக்கு விரலை நீட்டுவது என்பதும் சேர்த்தே பழக்கப்படுகிறது. நடுவர், ஆசிரியர், தோழர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே விளித்து வணங்குவதற்கே கொடுத்த நேரத்தில் கணிசமான பகுதி செலவாகிவிட, மீதியில் உரை மூச்சுவிடாமல் ஓடுகிறது. நடுவில் ஒரு வரி மறந்துவிட்டால், மாணவி பொருளைப் பிடித்து மேலே செல்வதில்லை. அந்தப் பத்தியின் தொடக்கத்துக்குத் திரும்பி, ஓடி வந்து தாண்ட முயல்கிறார். மனத்தில் இருப்பது சொற்களின் சங்கிலி. கருத்துகளின் வரிசை அங்கே இல்லை. எழுதியவர் வேறு, பேசுபவர் வேறு என்பதால், தாம் சொன்ன ஒரு கூற்றுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் மாணவியிடம் விடை இருப்பதில்லை.

மனப்பாடத்தை முழுவதும் பழிப்பதும் பொருந்தாது. ஒலிப்புத் திருத்தம் பெறவும், லகர ளகர ழகரங்கள் நாவில் நிலைக்கவும், கூட்டத்தைக் கண்டு நடுங்கும் பிள்ளை ஒருமுறையேனும் மேடையேறி இறங்கவும் அது உதவுகிறது. வீட்டில் நூலும் பேச்சும் வாய்க்காத பிள்ளைக்கு நல்ல உரைநடையை வாயில் தருவதும் ஒரு பேறுதான். தொடக்கப்பள்ளிக்கு இது போதும். கல்லூரி வரை இதுவே நீடிப்பதுதான் கேடு.

இதற்கு மாற்றாக வைக்கத்தக்கது குறிப்புச் சீட்டு முறை: பேச்சாளர் தமது முடிவை ஒரே வாக்கியத்தில் முதலில் எழுதி, அதைத் தாங்கும் காரணங்களையும் அவற்றுக்குரிய எண், பெயர், ஆண்டு ஆகியவற்றையும் மட்டும் உள்ளங்கை அளவுத் தாளில் குறித்துக்கொண்டு, சொற்களை மேடையில் அமைத்துக்கொள்வது. தொடக்க வாக்கியமும் இறுதி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கலாம். பதற்றம் மிகுவது அவ்விரண்டு இடங்களில்தான். எதுகைக்கும் இதில் இடம் உண்டு. ஆனால் அது கடைசியில் வருகிறது, கேட்போர் மறக்கக் கூடாத ஒரு முடிவுக்கு மட்டும் கட்டப்படுகிறது. இம்முறையின் குறை வெளிப்படையானது: பேச்சு தடுமாறும், அழகு குறையும், மனப்பாடப் பேச்சோடு போட்டியிட்டால் இன்றைய மதிப்பெண் பட்டியலில் அது தோற்கும்.

எனவே மாற்றம் வேண்டியது மதிப்பெண் பட்டியலில். உச்சரிப்பு, குரல் ஏற்ற இறக்கம், உடல்மொழி, நேரம் ஆகியவற்றுக்கு எளிதில் மதிப்பெண் இடப்படுகிறது. வாதத்துக்கென்று ஓர் இடம் இருப்பதில்லை, இருந்தாலும் 'கருத்து' என்ற பொதுச்சொல்லில் கரைந்துவிடுகிறது. பேச்சு முடிந்ததும் நடுவர் ஒருவர் இரண்டு நிமிடம் மாணவரிடம் கேள்வி கேட்டு, அந்த விடைகளுக்கு மொத்த மதிப்பெண்ணில் பாதியை ஒதுக்குவதாக விதி அமைந்தால், உரையை எழுதித் தரும் ஆசிரியரின் வேலை அன்றே மாறிவிடும். சொற்களோடு காரணங்களையும் அவர் கற்றுக்கொடுத்தாக வேண்டும். நடுவர்களும் தலைப்பைப் படித்துவிட்டு வர வேண்டியிருக்கும் என்பதுதான் இவ்விதி எளிதில் வராமல் இருப்பதற்கு முதற்காரணமாக இருக்கக்கூடும்.