மூளைக் கட்டியின் கசியும் குழாய்கள்

மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் இறுகப் பூட்டப்பட்டவை. கிளாடின்-5, ஆக்லுடின் போன்ற புரதங்கள் அந்தப் பூட்டு. வெளியே கொலாஜனும் லாமினினும் சேர்ந்த மெல்லிய படலம் தாங்கல். கிளியோபிளாஸ்டோமா போன்ற கட்டிகள் இரண்டையும் குலைக்கின்றன. கட்டிச் செல்கள் சுரக்கும் வி.இ.ஜி.எஃப். என்னும் காரணி குழாய்ச் செல்லின் ஏற்பியில் ஒட்டியதும், ஏற்பியிலேயே அமைந்த டைரோசின் கைனேஸ் நொதி தூண்டப்பட்டுப் பூட்டுகளைத் தளர்த்துகிறது. துத்தநாக நொதிகளான எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 தாங்கு படலத்தையே அரிக்கின்றன. பிளாஸ்மா நீர் திசுவில் இறங்கி மூளை வீங்குகிறது. தலைவலி, வாந்தி, ஒருபக்கப் பலவீனம் ஆகியவற்றில் பெரும்பங்கு பல நேரங்களில் இந்த வீக்கத்தால் வருவதே.

அரிக்கும் நொதியை அடக்கினால் போதும் என்ற எண்ணம் எளிமையானது, பலிக்கவில்லை. எம்.எம்.பி.களைத் தடுக்கும் மாரிமாஸ்டாட் கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, ஆயுள் கூடவில்லை என 2006இல் முடிவு வெளியானது. மூட்டுவலிதான் மிச்சம். உடலில் காயம் ஆறுவது முதல் எலும்பு மாறுவது வரை இதே நொதிகள் வேலை செய்யும்போது, கட்டியில் மட்டும் அவற்றை நிறுத்த அந்த மருந்துக்கு வழியில்லை.

நேர் எதிர் வழியும் உண்டு: கசிவைக் கூட்டி, அதன் வழியே புற்றுமருந்தைச் செலுத்துவது. இயல்பான மூளைக் குழாய்களில் காமா-குளுட்டாமைல் டிரான்ஸ்பெப்டிடேஸ் என்னும் நொதி நிறைய உண்டு. குழாயைத் திறக்கவல்ல லியூக்கோட்ரையீன் சி4 வந்தால் அதை மாற்றி முடக்கிவிடும். கட்டியின் குழாய்களில் இந்த நொதி குறைவு. ஆகவே அதே பொருள் கட்டியில் மட்டும் குழாயைத் திறக்கும் என அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் கீத் பிளாக் குழுவினர் விலங்குகளில் காட்டினர். இத்துறையின் அழகான கருத்துகளில் இது ஒன்று. மனிதரிடம் சோதிக்கப்பட்டது, இதைப் போலவே குழாயைத் திறக்கும் பிராடிகைனின் வழி. பிராடிகைனினை இரத்தத்திலுள்ள நொதிகள் நொடிகளில் சிதைத்துவிடும் என்பதால், அவற்றுக்கு ஈடுகொடுக்கும்படி அதையொத்த ஆர்.எம்.பி-7 உருவாக்கப்பட்டது. கார்போபிளாட்டினோடு சேர்த்துக் கொடுத்தும், 2003இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில் பயன் தெரியவில்லை. கட்டியின் விளிம்பில் ஊடுருவும் செல்கள் பெரும்பாலும் இன்னும் பூட்டு உடையாத குழாய்களின் அருகில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே கசியும் நடுப்பகுதியை மேலும் திறந்து என்ன பயன்?

நடைமுறையில் நிலைத்திருப்பது கசிவை அடைக்கும் வழி. மூளைக் கட்டி வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோன் பயன்படுவதை மின்னசோட்டா மருத்துவர்கள் 1961இல் வெளியிட்டார்கள். வி.இ.ஜி.எஃப். சுரப்பைக் குறைத்து, பூட்டுப் புரதங்களைக் கூட்டும் இம்மருந்து, படுத்துக் கிடந்தவரை ஓரிரு நாளில் எழுந்து உட்கார வைத்துவிடும். விலையும் மிகக் குறைவு. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வள்ளத்தில் சங்கு குளிக்கப் போகிற ஒருவருக்கு இந்நோய் வந்தால், பெரிய சிகிச்சைக்கு வழி செய்வதற்குள் முதலில் கைக்கு எட்டுவது இந்த மாத்திரையே. ஆனால் வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தால் தொடைத் தசை நலிந்து, தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமல் போகலாம். சர்க்கரை ஏறலாம், வாயில் வெண்பூஞ்சை படியலாம். பல வாரம் எடுத்தவர் சட்டென்று நிறுத்தவும் கூடாது. தன் ஸ்டீராய்டைச் சுரக்க உடல் மறந்திருக்கும்.

வி.இ.ஜி.எஃப்.ஐ நேரே பிடிக்கும் பெவாசிஸுமாப் இன்னும் கூர்மையானது. கட்டிக் குழாய்களை அழிப்பதைவிடச் சீராக்கலாம் என்று இந்தியாவில் பிறந்த ராகேஷ் ஜெயின் 2001இல் முன்வைத்த கருத்து இதற்கு வலு சேர்த்தது. புதிதாக நோய் கண்டவர்களிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகள் 2014இல் வெளியாயின. 921 பேர் கொண்ட முதல் சோதனையில் நோய் முற்றாத காலம் 6.2 மாதத்திலிருந்து 10.6 மாதமானது, ஆயுளோ 16.7க்கு 16.8. இரண்டாவதிலும் ஆயுள் கூடவில்லை. ஸ்டீராய்டின் தேவை குறைகிறது என்பது மெய்யான லாபம். ஆனால் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் வெளுத்துத் தெரிவது கட்டியன்று, கசிவு. கசிவு அடைபட்டால் படம் தெளியும். கட்டி அங்கேயே இருக்கலாம். இந்தப் போலி முன்னேற்றத்தில் ஏமாறாதிருக்கவே 2010இல் சிகிச்சைப் பலனை மதிப்பிடும் ரேனோ அளவுகோல்கள் வந்தன.

கசிவைக் கட்டியென்று படிக்கும் பிழையைத் தமிழ்நாடு முன்பே அறியும். வலிப்போடு வருபவரின் ஸ்கேனில் வளையமாக வெளுக்கும் சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது வழக்கமாக இருந்தது. அவற்றில் பல, நாடாப்புழுவின் இளநிலை மடிந்து, அதைச் சூழ்ந்த அழற்சியால் குழாய்கள் கசிவதே என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கண்டார்கள். வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்டோர் 1993இல் வகுத்த அளவுகோல்படி, 20 மி.மீ.க்கு மேற்படாத ஒற்றைப் புள்ளி, மூளை அழுத்தமோ வளரும் பலவீனமோ இல்லாத நோயாளி என்றால், வலிப்பு மருந்து மட்டும் கொடுத்துச் சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்.