பயம் எதிரிக்கு மட்டும்தானா?

கலிங்கத்துப்பரணியில் தோற்றோடும் கலிங்க வீரர்கள் படும் பாட்டை ஜெயங்கொண்டார் வேடிக்கையாகப் பாடியிருக்கிறார். ஒருவன் தலைமயிரைப் பறித்துக்கொண்டு தன்னைச் சமணன் என்கிறான். இன்னொருவன் வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு, கங்கையாட வந்தவன் நான், தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்கிறான். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கனின் படையில் இப்படி நடுங்கியவன் ஒருவனாவது உண்டா என்று தேடினால் கிடைக்கமாட்டான். வீரம் நமக்கு, பயம் எதிரிக்கு. அந்தப் போர் முடிந்து ஏறத்தாழ 900 ஆண்டுகள் ஆகின்றன. நம் போர்ப் படங்கள் பெரும்பாலும் இன்றைக்கும் இந்தப் பங்கீட்டைத்தான் கடைப்பிடிக்கின்றன.

குறை சொல்வதற்கு முன் ‘அமரன்’ படத்துக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். 2024 தீபாவளிக்கு வந்த அந்தப் படம், 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியானில் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. அதை மனைவி இந்துவின் நினைவோட்டமாக இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி சொன்னது நல்ல முடிவு. வீரச்சாவு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை வருடப் பிரிவு மடிந்து கிடக்கிறது என்பது அதனால்தான் தெரிகிறது. இந்துவாக நடித்த சாய் பல்லவி அழும் இடங்களைவிட அழுகையை அடக்கும் இடங்கள் கனமானவை. இந்தியில் 1997-இல் வந்த ‘பார்டர்’ படத்தில் ஊரிலிருந்து கடிதங்கள் வந்துசேரும் பாட்டும் இந்த வகைதான். அந்தச் சில நிமிடங்களுக்கு, வரிசையில் நிற்கும் சீருடைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு முளைத்துவிடுகிறது. பிரிவு, ஏக்கம், வீட்டில் இருப்பவர்களின் துயரம் ஆகியவற்றை எடுக்க நம்மவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முகுந்த் ஒரு மேஜர். ‘வாரணம் ஆயிரம்’ நாயகன் கடைசியில் ஆவதும் மேஜர்தான். ‘காற்று வெளியிடை’யில் விமானப்படை அதிகாரி, ‘துப்பாக்கி’யில் கேப்டன். ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று தோளில் நட்சத்திரம் இல்லாதவனுக்கு நம் படங்கள் முழுக்கதை கொடுப்பது அபூர்வம். முகுந்தோடு அதே மோதலில் உயிர்விட்ட சிப்பாய் விக்ரம் சிங்குக்கு ‘அமரன்’ படத்தில் இடம் இருக்கிறது, ஆனால் கதை அவருடையதல்ல. அதிகாரியின் மனம்தான் நமக்குத் திறக்கிறது. ஜவான் பக்கத்தில் நின்று, ஜோக் சொல்லி, பிறகு சாகிறான்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து படைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஜவான்கள்தான். மக்காச்சோளமும் பருத்தியும் போட்டு வானத்தைப் பார்க்கும் மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஆள்சேர்ப்புக்காக 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடிப் பழக, விடியுமுன் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்துவிடுகிறவர்கள். தேசப்பற்று இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன்னால் மாதச் சம்பளம் இருக்கிறது, அடகில் இருக்கும் நகை இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது. 2022-இல் அக்னிபத் திட்டம் வந்தபின், நான்கு வருடத்தில் நாலில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. இந்தி தெரியாமல் முகாமுக்குப் போய், முதலில் கெட்ட வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லப் பேசப் பழகும் அந்த முதல் வருடத் தனிமையைத் தமிழ்ப் படத்தில் பார்த்த நினைவு எனக்கில்லை.

இந்த மனிதனின் உணர்ச்சிகள் போர்முனையைவிட விடுப்பில்தான் அதிகம் வெளிப்படும். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஜம்முவிலிருந்து சென்னைக்கே ஏறத்தாழ மூன்று நாள். அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்து அரியலூரில் இறங்கி, பேருந்து மாறித்தான் வீடு. வந்த அன்றே எப்போது கிளம்புகிறாய் என்று ஊர் விசாரிக்கும். சாயந்திரமானால் கேன்டீன் சரக்கு கேட்டு ஆள் வரும். அங்கே நடந்ததை மனைவியிடம் எவ்வளவு சொல்வது, அம்மாவிடம் எதை மறைப்பது? ‘துப்பாக்கி’ விடுப்பில் தொடங்கும் படம்தான், ஆனால் அந்த விடுப்பை மும்பையில் தீவிரவாதிகளை வேட்டையாடும் வேலையாக மாற்றிவிட்டது. அதன் இந்திப் பதிப்பு, படைவீரனுக்கு ஓய்வே கிடையாது என்பதைத் தலைப்போடு சேர்த்தே விளம்பரப்படுத்தியது. வெளிநாட்டிலும் கிட்டத்தட்ட இதே கதை. ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ 1930-இல் படமானபோது, விடுப்பில் வந்த சிப்பாய் பால் தன் ஊராரோடு பேச முடியாமல் திணறும் பகுதி அதன் உயிராக இருந்தது. நான்கு ஆஸ்கர் வாங்கிய 2022 பதிப்பு அந்தப் பகுதியையே விட்டுவிட்டது. சேறும் ரத்தமும் தத்ரூபமாயின, மனிதன் ஒரு படி குறைந்தான்.

2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் நடந்த தாக்குதலில் 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த இருவரில் ஒருவர் அரியலூர் மாவட்டத்துக்காரர். பனியால் நெடுஞ்சாலை மூடிக் கிடந்ததில் ஜம்முவில் ஆட்கள் சேர்ந்துபோய், 78 வண்டிகளில் 2,500-க்கும் மேற்பட்டவர்கள் கிளம்பிய நாள் அது. பலர் விடுப்பு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள். எதிரியைப் பார்க்கவில்லை, ஒரு குண்டும் சுடவில்லை, பேருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். நமது போர்ப் பட இலக்கணத்தில் இந்தச் சாவுக்கு இடமே இல்லை. இடைவேளைக்குமுன் இப்படி ஒரு சம்பவம் வந்தால், இரண்டாம் பாதியில் பழிவாங்கல் என்று பொருள்.

பக்கத்து இலங்கையில் பிரசன்ன விதானகே வேறு மாதிரி செய்து காட்டினார். 1997-இல் எடுத்த ‘புரஹந்த களுவர’ படத்தில், ராணுவத்தில் இருந்த மகன் முத்திரையிட்ட சவப்பெட்டியில் ஊர் திரும்புகிறான். பார்வையற்ற தகப்பன், இது என் மகன் இல்லை என்று சாதிக்கிறார். நட்டஈட்டுத் தாளில் கைநாட்டு வைக்க மறுக்கிறார். கடைசியில் புதைத்த பெட்டியைத் தோண்டித் திறந்தால் கல்லும் வாழைத்தண்டும். போர்க்காட்சி ஒன்றுகூட இல்லாமல், ஏழை வீட்டுப் பையன் எதற்காகப் பட்டாளத்துக்குப் போனான் என்பதுவரை சொல்லிவிடுகிறது அந்தப் படம். அரசு அதைத் திரையிடவிடாமல் தடுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் திரைக்கு வந்தது.

இங்கே இப்படிப்பட்ட படங்கள் வராததற்கும் அரசுக் கட்டுப்பாடுதான் காரணம் என்று படக்காரர்கள் சொல்லலாம். ராணுவத்தைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் தடையில்லாச் சான்று பெறவேண்டும் என்று 2020-இல் பாதுகாப்பு அமைச்சகம் தணிக்கை வாரியத்துக்கு எழுதியது. 2022-இல் இயக்குநர் ஓனிரின் கதைக்கு அந்தச் சான்று மறுக்கப்பட்டது. டாங்கியும் ஹெலிகாப்டரும் முகாமும் கடனாக வேண்டுமென்றால், அவற்றின் சொந்தக்காரர் விரும்பாததைப் படத்தில் காட்டுவது கஷ்டம்தான்.

ஆனால் இந்தச் சாக்கு பாதிதான் செல்லும். சோவியத் அரசின் மாஸ்ஃபிலிம் 1959-இல் எடுத்த ‘பாலட் ஆஃப் எ சோல்ஜர்’ படத்தின் அல்யோஷா, இரண்டு டாங்கிகளை அழித்துவிட்டு, பயத்தில்தான் செய்தேன் என்று தளபதியிடமே ஒப்புக்கொள்கிறான். பதக்கத்துக்குப் பதிலாக, அம்மா வீட்டுக் கூரையைச் சரிசெய்துவிட்டு வர விடுப்பு கேட்கிறான். வழியெல்லாம் தாமதமாகி, அம்மாவோடு சில நிமிடங்கள்தான் நிற்க முடிகிறது. நம் தணிக்கையைவிட இறுக்கமான தணிக்கையின் கீழ் வந்த படம் அது. அந்தக் கதையைத் தழுவி 1966-இல் தமிழிலேயே ‘தாயே உனக்காக’ வந்தது. அதற்கு டாங்கி பெரிய தேவையில்லை. ரயிலும் ஊரும் போதும், அவற்றை ராணுவத்திடம் கடன் கேட்க வேண்டியதில்லை.