ஔவையின் தச்சுப்பட்டறை

புறநானூற்றில் ஔவையார் தச்சனைத் தம் பாடல்களில் கொண்டுவருகிறார். 87ஆம் பாடலில், அதியமான் நெடுமான் அஞ்சியின் பகைவர்களைக் களத்துக்கு வராதீர்கள் என்று எச்சரிக்கிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் எங்கள் தலைவன் என்கிறார். 206இல் பரிசில் தாமதமாகிறது. வாயிற்காவலனிடம் சொல்கிறார்: கைத்தொழில் தெரிந்த தச்சன் பிள்ளைகளுக்குக் காடு எப்படியோ, அப்படித்தான் எங்களுக்கு உலகம், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வோம்.

இரண்டையும் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். எட்டுத் தேர் செய்கிறவனுக்கு ஒரு சக்கரத்துக்கு ஏன் ஒரு மாதம் என்று மாணவியர் கேட்பார்கள். உயர்வு நவிற்சி என்று அணியின் பெயரைச் சொல்லி நகர்ந்துவிடலாம். மொட்டைமாடியில் பழைய வேப்பம்பலகைகளும் ஓர் இழைப்புளியுமாகத் தச்சுவேலை பழகுகிறவளுக்கு அந்த விடை போதாது.

மரம் வெட்டிய பிறகும் அசையும். ஈரம் வற்றும்போது நீளவாக்கில் ஏறக்குறைய அப்படியே இருக்கும்; அகலவாக்கில் சுருங்கும். அதிலும் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைவிட ஏறத்தாழ இருமடங்கு. காயாத பலகை கிண்ணம்போல வளைவது இதனால்தான். அலமாரிக்கு இது தொல்லை, சக்கரத்துக்கு உயிர்ப்பிரச்சினை. குடத்தில் குடைந்த துளைகளில் ஆரக்கால்கள் இறுகி நிற்கவேண்டும். பொருத்திய பின் மரம் சுருங்கினால் ஆட்டம் காணும், பாரத்தோடு ஓடும்போது சிதறும். அந்த ஒரு மாதத்தை நான் மிகையாக வாசிக்கவில்லை. பொருத்திப் பார்த்து, கழற்றி, சீவி, காயவிட்டு, மறுபடி பொருத்தும் காலமாக வாசிக்கிறேன். பட்டறையில் நின்று பார்த்தவருக்கே தோன்றக்கூடிய உவமை அது.

206இல் சிக்கல் வேறு. தச்சனின் 'சிறார்' வகுப்பறை விளக்கங்களில் உடனே மகன்களாகிவிடுகிறார்கள். நடைமுறையில் கோடரி மகன்களின் கையில்தான் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவர்களின் இடத்தில் தன்னை நிறுத்திக்கொள்கிறவர் ஒரு பெண். தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று போகும் வரிசையில் இடமில்லாதவர், அந்தத் தொழிலையே தன் கவிதைத் தொழிலுக்கு ஒப்பாக எடுத்துக்கொள்கிறார். கேட்டு அல்ல, எடுத்துக்கொள்கிறார்.

அந்தப் பிள்ளைகள் வெளியே போகிறவர்கள். இன்று பெண்களுக்கென்று காணொளிகளில் சொல்லித்தரப்படும் தச்சுவேலையோ பெரும்பாலும் உள்ளே இழுக்கிறது. சாவி மாட்டும் பலகை, பூந்தொட்டி வைக்கும் முக்காலி, மசாலா டப்பாக்களுக்கு ஓர் அடுக்கு. பசையும் ஆணியும் போதும், உளி வேண்டாம் என்ற சலுகை வேறு. (கடையில் நான் முக்கால் அங்குல உளி கேட்டபோது, 'ஆசாரி வரலையாம்மா?' என்றார்கள்.) தையல் இயந்திரமும் இதே 'வீட்டிலிருந்தபடியே' என்ற சொல்லோடுதான் நம் வீடுகளுக்குள் வந்தது. பலருக்கு அது வீட்டு வேலைக்கு மேல் இன்னொரு வேலையாகத்தான் ஆனது. ஒரு கட்டையின் நுனியை நாக்குபோலச் செதுக்கி, இன்னொன்றில் அதற்கேற்பத் துளை குடைந்து, ஆணியில்லாமல் இறுக்கத் தெரிவது வேறு வகை அறிவு. அதைக் கொண்டு கதவு செய்யலாம், கட்டில் செய்யலாம், பணம் கேட்கலாம். பெண்களுக்கான பாடங்களில் அது விடுபடுவதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

எனக்கு உளி தீட்டச் சொல்லிக்கொடுத்த ஆசாரிக்கு மூன்று மகள்கள். மூவரும் பட்டறையில் ரம்பத்தூள் கூட்டி வளர்ந்தவர்கள். நாரோட்டத்துக்கு எதிராக இழைத்தால் சிலாம்பு பெயரும் என்பதை, சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். இழைப்புளியைப் பிடிக்க மட்டும் யாரும் அவர்களை விட்டதில்லை. நான் மாடியில் செய்வதைப் பெண்ணிய மீறல் என்று எழுத என் கை தயங்குவது இங்கேதான். சம்பளம் வாங்குகிற பேராசிரியையின் ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தப் பெயர் அதிகம்.

206ஐ மறுபடி பாருங்கள். தச்சன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே பேசுகிறவர் தன் கருவிகளைக் கட்டித் தோளில் ஏற்றிவிட்டார். போவதற்கு ஆயத்தமான பிறகு வருகிற பேச்சு அது. ஆசாரியின் நடு மகள் சென்ற மாதம் மாடிக்கு வந்து, நான் பொருத்திய சட்டத்தை அசைத்துப் பார்த்தாள். நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. 'இத மாதிரி ஒண்ணு பண்ணிக்குடுத்தா எவ்வளவு கேக்கலாம் டீச்சர்?' என்றாள்.