கயிற்றைப் பிடிக்கும் கயிறு

ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு ஒன்று இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. மேலிருந்து தொங்கும் கயிற்றின் மீது சிறு வளையக் கயிற்றை அதன் உள்வழியாகவே மூன்று சுற்று சுற்றி இழுக்க வேண்டும். ஆள் எடை விழுந்ததும் சுற்றுகள் கவ்விக்கொள்ளும். எடை நீங்கியதும் கையால் தள்ளினால் மேலே நகரும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இதன் உயிர் தடிமனில்தான் இருக்கிறது. தொங்கும் கயிறு 10 அல்லது 11 மி.மீ. என்றால் வளையத்துக்கு 6 மி.மீ. பொருத்தம். இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் வளையம் நெருக்கமாக வளையாது, பிடியும் நழுவும். மிகவும் மெலிந்துவிட்டால் இறுகியதைத் தளர்த்தவே முடியாது. எடை தாங்கும் வலுவும் குறையும். ஈரமோ பனியோ படிந்த கயிற்றில் கூடுதலாக ஒரு சுற்று போடுவார்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே எடையை ஏற்றுவார்கள்.

தடிமன் வேறுபட்ட இரு கயிறுகளை இணைக்கும் மாலுமிகளின் முடிச்சிலும் இதே கணக்குதான். தடித்த கயிறு மடிந்து வளைவாக நிற்க, மெல்லியது அந்த வளைவைச் சுற்றிவந்து தனக்கடியிலேயே நுழையும். வேறுபாடு அதிகமானால் இரட்டைச் சுற்று. பங்கை மாற்றிக் கொடுத்தால், விறைப்பான தடித்த கயிறு நிமிரப் பார்க்கும், முடிச்சு நெகிழும்.

முடிச்சிட்டுப் பின்னும் மீன்வலையின் கண்களில் பொதுவாக இருப்பதும் இந்த முடிச்சின் வடிவமே.