வெள்ளை நிரம்பாத கோடு

டொயோட்டா கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையில், சாலையின் தடத்தைக் காட்ட இரண்டு கோடுகள் வரும். முன்கண்ணாடியில் பொருத்திய கேமராவுக்குச் சாலைக்கோடு தெரிந்துவிட்டால் அவற்றின் உள்ளே வெள்ளை நிரம்பும். கோடு பிடிபடவில்லையென்றால் உள்ளே கறுப்பு. ஓரவரை மட்டும் நிற்கும். வண்டி தடம் விலகினால், விலகும் பக்கத்துக் கோடு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் மின்னும்.

இவற்றில் நான் ரசிப்பது அந்த நிரம்பாத கோட்டைத்தான். கேமராவுக்குத் தெரியாத நேரத்தில் கோட்டையே அழித்திருந்தால், வசதியை யாரோ அணைத்துவிட்டார்கள் என்று ஓட்டுபவர் நினைப்பார். வெள்ளையாகவே விட்டிருந்தால் அது பச்சைப் பொய். ஓரவரையை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டதில், ‘வேலையில்தான் இருக்கிறேன், இப்போது எனக்குத் தெரியவில்லை’ என்கிற இரண்டு செய்திகளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. லாரியைப் பின்னால் எடுக்கும்போது ‘ரைட்… ரைட்…’ என்று குரல் கொடுக்கும் நல்ல கிளீனர், தனக்குப் பார்வை மறைந்த கணத்திலேயே ‘ஹோல்டான்’ என்று தட்டுவார். ஓட்டுநர் அவரை நம்புவது அதனால்தான்.

முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலின் படத்திலும் இதே நேர்மை உண்டு. டொயோட்டாவின் பல கார்களில் இடைவெளியை நாம் மூன்று அளவுகளில் வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் அவை ஏறத்தாழ 50, 40, 30 மீட்டர். ஆனால் திரையில் மீட்டர் கணக்கே வராது. மூன்று பட்டைகள், இரண்டு பட்டைகள், ஒரு பட்டை, அவ்வளவுதான். வேகம் மாற மாற இடைவெளியின் மீட்டரும் மாறும். அந்த எண்ணைக் காட்டியிருந்தால் அது ஓயாமல் துடித்துக் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். பட்டையோ நாம் கேட்டது என்ன என்பதை மட்டும் சொல்லிவிட்டு அசையாமல் இருக்கிறது. பட்டைகளுக்கு முன்னால் ஒரு கார் உருவம், முன்வண்டி உணர்கருவிக்குப் பிடிபட்டால் மட்டுமே தோன்றும். கண்ணெதிரே ஆட்டோ போகிறது, திரையில் உருவம் இல்லை என்றால், கார் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. கால் பிரேக்குக்குப் போக வேண்டும். ஓர் உருவத்தின் இன்மையே எச்சரிக்கையாகிவிடுகிறது.

எச்சரிப்பதிலும் ஒரு படிமுறை இருக்கிறது. தடத்தின் நடுவே வண்டியைப் பிடித்துச் செல்லும் வசதிக்கு ஐ.நா.வின் 79ஆம் எண் வாகன விதி எழுதியிருப்பதைப் பாருங்கள். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து 15 விநாடிக்குள் படம் மூலம் எச்சரிக்க வேண்டும். 30 விநாடிக்குள் அந்தப் படத்தில் கையோ ஸ்டீயரிங்கோ சிவப்பாக வேண்டும். ஒலியும் சேர வேண்டும். அதற்குப் பிறகும் கை வரவில்லையென்றால், அடுத்த 30 விநாடிக்குள் வசதி தானே விலகிக்கொள்ள வேண்டும். முதல் எச்சரிக்கைக்குச் சத்தம் கட்டாயமில்லை, சிவப்பும் கட்டாயமில்லை. பக்கத்தில் இருப்பவர் முன்னால் மானத்தை வாங்காமல், ஓட்டுபவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி சொல்லிப் பார்க்க இடம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு ஆபத்துக்கு, மஞ்சள் கவனத்துக்கு, பச்சை வேலை நடப்பதற்கு, நீலம் ஹைபீமுக்கு என்பது உலகம் முழுக்கப் புழங்கும் வழக்கம். சின்ன விஷயத்துக்கெல்லாம் சிவப்பைச் செலவழித்துவிட்டால், நிஜமான ஆபத்துக்குக் கையில் நிறமே மிஞ்சாது.

எழுத்தின் வடிவத்துக்கு வருவோம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஏஜ்லேப் ஆய்வகமும் எழுத்துரு நிறுவனமான மோனோடைப்பும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கட்டம் கட்டமாக வாய் மூடிய ஆங்கில எழுத்துருவையும், வாய் திறந்து ஒன்றுக்கொன்று வேறுபட்டு நிற்கும் எழுத்துருவையும் கார்த்திரையில் ஒப்பிட்டார்கள். திறந்த எழுத்தைப் படித்த ஆண்கள் திரையைப் பார்த்த நேரம் 10.6 சதவீதம் குறைந்தது. பெண்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. இதென்ன பிரமாதம் என்று தோன்றலாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தால் கார் 55 மீட்டர் போய்விடும். ஓட்டும்போது திரையில் செய்யும் வேலைக்கு ஒரு பார்வை இரண்டு விநாடிக்குள் முடிய வேண்டும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வழிகாட்டியது இதனால்தான். ஓர் எழுத்தின் வாயைக் கொஞ்சம் அகலமாகத் திறந்துவைத்தவர், சாலையில் சில மீட்டர்களை ஓட்டுபவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

கண்ணுக்கே தெரியாத ஒரு நயமும் உண்டு. பழைய மீட்டரில் எச்சரிக்கை விளக்கு ஒரு பல்பு. இன்று அது திரையில் வரையப்படும் படம். 2014இல் வந்த ஆடி டிடி காரில் முள்ளைக்கூட விநாடிக்கு 60 முறை புதிதாக வரைந்தார்கள். திரை உறைந்துபோனால் பார்ப்பவருக்குத் தெரியாது; கடைசியாக வரைந்த படம் உயிரோடு இருப்பது போலவே நிற்கும். அதனால் பிரேக் கோளாறு போன்ற முக்கியக் குறிகள் இருக்கும் இடத்தின் புள்ளிகளிலிருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, வரவேண்டிய எண்ணோடு ஒப்பிடும் ஏற்பாட்டைப் பல திரைகளில் வைக்கிறார்கள். ‘வரை’ என்று கட்டளையிட்டதோடு விடாமல், வரைந்தாயிற்றா என்றும் பார்க்கிறார்கள். யாரும் பாராட்டப் போவதில்லை என்று தெரிந்தே செய்த இந்த வேலையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த வசதிகள் உள்ள கார் வாங்குவதாக இருந்தால், ஷோரூம் வெளிச்சத்தில் திரையின் அகலத்தையும் பளபளப்பையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கோடு அழிந்த ஒரு சாலைக்கு ஓட்டிப் போய், தனக்குத் தெரியவில்லை என்பதை அந்தத் திரை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்று பாருங்கள். அதைச் சொல்லத் தெரிந்த திரையை, அது தெரியும் என்று சொல்லும்போது நம்பலாம்.